ஜாப் கார்டில் இல்லாத சொல்

என் காரின் டேஷ்போர்டுக்குள் ஒரு சத்தம் குடிவந்து, 14 மாதங்கள் வாடகை கொடுக்காமல் இருந்துவிட்டு, சென்ற மாதம்தான் காலி செய்தது. நாவலையும் கவிதையையும் பற்றிப் பேசும் நண்பர்கள் நடுவே இதை எழுத வந்திருப்பதற்குக் காரணம் உண்டு. அந்தச் சத்தத்தை விரட்டியது எந்தக் கருவியும் அல்ல, ஒரு சொல். சரியாகச் சொன்னால், நான்கு ஒலிக்குறிப்புச் சொற்கள்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டை வெயிலில் ஏசி இல்லாமல் கார் ஓட்டுவது ஒரு தவம். ஒரு சித்திரை மாதம் என் காரின் ஏசி குளிர்காற்று தருவதை நிறுத்திக்கொண்டது. கூலிங் காயிலில் கசிவு என்றார்கள். கூலிங் காயில் என்பது உள்ளங்கை அகலத் தகட்டுப் பெட்டி. அதைக் கழற்ற வேண்டுமென்றால் பல வண்டிகளில் டேஷ்போர்டு முழுவதையும் வெளியே எடுக்கவேண்டும். என் வண்டியும் அந்த ரகம்தான். தொழிற்சாலையில் டேஷ்போர்டைத் தனியே கோத்து முடித்து, ஒயர், காற்றுக்குழாய், மீட்டர் எல்லாவற்றோடும் கதவு வழியாக ஒரே மூச்சில் உள்ளே ஏற்றிவிடுகிறார்கள். கோப்பவனுக்கு வசதி. பிற்காலத்தில் பிரிக்கப்போகிறவனை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. மனையடி சாஸ்திரம் பார்த்துக் கட்டிய வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால் கூரையைப் பிரிப்பதற்குச் சமம் இது.

காயில் மாற்றப்பட்டது. வண்டி குளிர்ந்தது. மூன்றாம் நாள் சத்தம் வந்தது.

நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற அந்தப் பணிமனைக்கு மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் சர்வீஸ் அட்வைசர் என்னை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார் (மரியாதையில் எந்தக் குறையும் இல்லை). நான் சொன்னேன்: "சின்னப் பள்ளத்துல இறங்கினா டொக்டொக்னு ஒண்ணு. வளைவுல திரும்பினா கிலுகிலுன்னு ஒண்ணு. மத்தியானம் மட்டும் கிறீச்சுன்னு ஒண்ணு. அப்புறம் ஒரு குறிப்பிட்ட வேகத்துல ஙொய்யுன்னு வண்டு மாதிரி." அவர் தலையை ஆட்டிக்கொண்டே கணினியில் தட்டினார். அச்சாகி வந்த ஜாப் கார்டில் இருந்தது இரண்டே சொற்கள்: டேஷ்போர்டு நாய்ஸ். மூன்று முறையும் அதே இரண்டு சொற்கள். உள்ளே இருந்த மெக்கானிக் பையன் அந்த இரண்டு சொற்களைப் படித்துவிட்டு, பணிமனை முன்னால் இருக்கும் வழுவழுப்பான தார்ச்சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "சத்தமே வரலையே சார்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அந்தச் சாலையில், காலை 10 மணிக்கு, அந்த வேகத்தில் நான்கில் ஒன்றுகூட வராது.

மூன்றாம் முறை மேலாளரே வந்தார். "இந்த விலை வண்டிக்கு இது சகஜம் சார். பாட்டைக் கொஞ்சம் கூட்டி வையுங்க" என்றார். வேண்டுமென்றால் டேஷ்போர்டின் மேற்பலகையைப் புதிதாக மாற்றலாம் என்று 48,000 ரூபாய்க்கு ஒரு மதிப்பீட்டையும் கொடுத்தார்.

'இந்த விலை வண்டிக்கு' என்ற அந்தத் தொடர்தான் என்னை இரவில் தூங்கவிடவில்லை. நிசப்தத்தை விற்கக் கற்றுக்கொண்ட காலத்திலிருந்து இந்தப் பார்வை தொடர்கிறது என்று நினைக்கிறேன். 1958இல் டேவிட் ஓகில்வி ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுதிய விளம்பரத்தைப் பலரும் அறிந்திருப்பார்கள். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது அந்தக் காருக்குள் உரக்கக் கேட்பது மின்கடிகாரத்தின் ஓசைதான் என்பது அதன் தலைப்பு. விளம்பர உலகம் அதை இன்றும் கொண்டாடுகிறது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் கவனிக்கவேண்டும். அமைதி பணக்காரனின் சொத்து என்று ஆனபிறகு, சின்னக் காரில் வருகிறவன் சத்தத்தைப் பற்றிப் புகார் சொன்னால் அது தகுதிக்கு மீறிய ஆசையாகத் தெரிகிறது. நான் ரோல்ஸ் ராய்ஸின் அமைதியைக் கேட்கவில்லை. அவர்கள் கழற்றுவதற்கு முந்தின நாள் இருந்த அமைதியைக் கேட்டேன்.

இனி அண்ணாச்சியின் கதை. எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் பட்டறை. வேப்பமரம், தகரக் கூரை, இரண்டு பையன்கள். முப்பத்தெட்டு வருடத் தொழில். அதில் முதல் இருபது வருடம் டிங்கரிங், அதாவது நசுங்கிய தகட்டைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்தும் வேலை. நான் போய் நின்று, "டேஷ்போர்டுல சத்தம் அண்ணாச்சி" என்றேன். (பாருங்கள், மூன்று ஜாப் கார்டுகளுக்குப் பிறகு நானும் அந்த மொழிக்கே மாறியிருந்தேன்.) அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சத்தம்னா என்ன தம்பி? லொடலொடன்னு வருதா, கிறுகிறுன்னு வருதா, ஙொய்யுன்னு வருதா?"

அந்தக் கணத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது. வாகனப் பொறியாளர்கள் இந்தச் சத்தங்களை மூன்று சாதிகளாகப் பிரிக்கிறார்கள். தளர்ந்த இரண்டு பொருள்கள் திரும்பத் திரும்ப மோதிக்கொள்வது ஒன்று. ஒட்டியிருக்கும் இரண்டு பரப்புகள் ஒன்றின் மேல் ஒன்று இழுபடுவது இரண்டாவது. மெல்லிய தகடோ பலகையோ தன் இயல்பான அதிர்வெண்ணில் அதிர்வது மூன்றாவது. லொடலொட, கிறீச், ஙொய். தமிழ் பேசும் எந்தப் பாட்டியும் இந்தப் பாகுபாட்டைச் செய்துவிடுவாள். இன்னும் நுட்பமாகவே செய்வாள்: டொக்டொக் என்றால் கனமான பொருள், இடைவெளி அதிகம். கிலுகிலு என்றால் சின்னப் பொருள், வெற்றிடத்துக்குள் உருள்வது. கடகட என்றால் தகரம். நறநற என்றால் நடுவில் மண்ணோ மணலோ இருக்கிறது. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று இலக்கணத்தில் படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஆனால் பிரிக்காமல் வைத்தால் அது எவ்வளவு பொருள் தரும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. பொருளின் எடை, அது எதனால் ஆனது, எவ்வளவு இடைவெளி, மோதலா உரசலா என்பதெல்லாம் அந்த நான்கைந்து எழுத்துகளுக்குள் அடங்கியிருக்கிறது. வாடிக்கையாளன் வாயிலிருந்து நோயறிதல் பாதிக்குமேல் முடிந்து வெளியே வருகிறது. 'நாய்ஸ்' என்று தட்டிய விரல் அதைத் துடைத்தெறிந்துவிடுகிறது. என் புகார் இதுதான். பணிமனைகளில் திறமை குறைந்துவிட்டது என்று பலரும் சொல்கிறார்கள். அதற்கு முன்பே, நோயாளி சொன்னதை மருத்துவனிடம் கொண்டுசேர்க்கும் வழி அடைந்துபோயிருக்கிறது என்பேன்.

அண்ணாச்சி உடனே எதையும் கழற்றவில்லை. முதலில் காரைக் காலி செய்யச் சொன்னார். குளோவ் பாக்ஸ், கதவுப் பைகள், இருக்கைக்கு அடியில், கண்ணாடி வைக்கும் பேழை என்று எல்லாவற்றிலிருந்தும் எடுத்தபோது ஒரு திருநீற்று டப்பா, மூன்று நாணயங்கள், பழைய வீட்டுச் சாவி ஒன்று, தீர்ந்துபோன வாசனைப் புட்டி ஒன்று கிடைத்தன. ஒரு வட்டம் ஓட்டினோம். நான் புகார் சொன்ன பட்டியலில் இல்லாத இரண்டு சத்தங்கள் அத்தோடு போயின. இதை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்யலாம். காசு கொடுத்துச் செய்யவேண்டிய வேலை இல்லை.

அடுத்து, எப்போது வருகிறது என்ற கேள்வி. வண்டியை நிறுத்திவைத்து ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தோம். என் வண்டிக்கு மூன்று சிலிண்டர். இரண்டு சுற்றுக்கு மூன்று முறை எரிபொருள் வெடிக்கும். நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடும்போது நொடிக்கு 20 உதறல். 2,400 சுற்றில் 60. அந்த 2,400ஐத் தொட்டதும் ஙொய் என்று வண்டு எழுந்தது, தாண்டியதும் அடங்கியது. நின்ற வண்டியிலேயே வருவதால் அதற்குச் சாலையோடு சம்பந்தமில்லை. ஏதோ ஒரு பலகையின் இயல்பு அதிர்வு நொடிக்கு 60ஐ ஒட்டி இருக்கிறது என்று பொருள். ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்றபடி தள்ளினால் உயர எழுவதுபோல, அந்த ஒரு வேகத்தில் மட்டும் அது எழுகிறது.

ஆனால் எந்தப் பலகை? நான் சத்தியம் செய்திருப்பேன், அது மீட்டருக்குப் பின்னாலிருந்து வருகிறது என்று. அண்ணாச்சி வெளியே இறங்கி, பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். வண்டு செத்தது. கையை எடுத்தார். பிழைத்தது. அந்த மூடிக்கு இருக்கவேண்டிய கிளிப்புகளில் இரண்டைக் காணோம்.

காருக்குள் காது ஏமாறுவதில் வியப்பில்லை. இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்துசேரும் நேர வேறுபாட்டைக் கொண்டுதான் மூளை திசையைக் கணிக்கிறது. அந்த வேறுபாடு மிஞ்சிப்போனால் ஆயிரத்தில் ஒரு நொடியைக்கூட எட்டாது. நேர் முன்னாலிருந்து வரும் ஒலியில் வேறுபாடே இல்லை. போதாததற்குச் சாய்வான பெரிய கண்ணாடி ஒன்று எல்லா ஒலிகளையும் வாங்கி முகத்தில் எறிகிறது. காது காட்டும் இடத்தை உடனே நம்பி ஸ்க்ரூடிரைவரை எடுப்பவன், ஒரு சத்தத்தைத் தேடப்போய் இன்னும் மூன்று சத்தங்களை உண்டாக்குவான். தொட்டு நிறுத்திப் பார்க்கவேண்டும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் இடமாக அழுத்திக்கொண்டே வரவேண்டும்.

அப்படித்தான் மறுநாள் மத்தியானம் கிளம்பினோம். நான் ஓட்டினேன். அண்ணாச்சி பக்கத்தில். பின்னால், பள்ளி விடுமுறையில் இருந்த என் மகள். பேவர் பிளாக் பதித்த எங்கள் தெருவைவிடச் சிறந்த சோதனைத் தடம் எந்தத் தொழிற்சாலையிலும் இருக்காது. 'டொக்டொக்' தெருமுனைக்குள்ளேயே வந்துவிட்டது. அண்ணாச்சியின் கை ரேடியோவுக்குக் கீழே போய் நின்றது. 'கிலுகிலு' வளைவில் வந்தது. "அது காத்துக்குழா மேல கிடக்கு" என்றார். ஆனால் கிறீச் வந்தபோது அவர் கை அசையவில்லை.

"வருதே அண்ணாச்சி" என்றேன்.

"எங்க?"

"இப்பக்கூட வந்ததே."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சாலையைப் பார்த்தபடி, "அது எனக்குக் கேக்காது தம்பி. மெல்லிசு சத்தம் போயி ரொம்ப வருசமாச்சு. நீங்க கேட்டுச் சொல்லுங்க, நான் தொட்டுப் பாக்கேன்" என்றார்.

சுத்தியலுக்கு அருகில் இருபது வருடம் இருந்த காது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு முதலில் தாக்குவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேல்ஸ்தாயியைத்தான். பேச்சு கேட்கும், குருவி கேட்காது. காதில் எந்த வலியும் இல்லாமல் நடப்பதால் இழந்தவனுக்கே தெரிவதில்லை. தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கப்படவேண்டிய தொழில்நோய்களில் ஒன்றாக இது இடம்பெற்றிருந்தது. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பும் வகுத்தார்கள். ஆனால் வேப்பமரமும் தகரக் கூரையும் இரண்டு பையன்களும் எந்தச் சட்டத்தின் கணக்கிலும் தொழிற்சாலை ஆவதில்லை. அந்தப் பையன்களில் ஒருவன் அன்றைக்கும் காதில் பஞ்சுகூட இல்லாமல் தகடு தட்டிக்கொண்டிருந்தான். பணிமனைகளில் "சத்தம் வரலையே சார்" என்று கேட்கும்போது நாம் கோபப்படுகிறோம். அப்படிச் சொல்கிறவர்களில் சிலருக்கு உண்மையிலேயே கேட்டிருக்காது என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

ஐம்பதைத் தாண்டிய என் காதும் யோக்கியமில்லை. கிறீச் எந்தப் பக்கம் என்று எனக்கே நிச்சயமில்லை. பின்னாலிருந்து மகள்தான் சொன்னாள்: "அப்பா, அது ஒண்ணு இல்ல. ரெண்டு. இடது ஓரத்துல ஒண்ணு, அதுக்குப் பதில் சொல்ற மாதிரி கண்ணாடி கிட்ட ஒண்ணு." அவள் சொன்ன இடங்களில் அண்ணாச்சி கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நின்றது. அவர் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அது ஏன் மத்தியானம் மட்டும் வந்தது என்பதற்கும் விடை எளியது. ஒரு மீட்டர் இரும்பு 40 பாகை சூடேறினால் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளும். பிளாஸ்டிக் அதைப்போலப் பல மடங்கு நீளும். டேஷ்போர்டின் உள்ளே காரின் அகலத்துக்கு ஓர் இரும்புத் தூலம் குறுக்கே ஓடுகிறது. அதன் மேல் பிளாஸ்டிக்கைப் பூட்டி வெயிலில் நிறுத்தினால் இரண்டும் ஒத்துப்போகாது. விளிம்புகள் நெருங்கி ஒட்டுகின்றன, வண்டி குலுங்கும்போது வழுக்குகின்றன, மறுபடி ஒட்டுகின்றன. ஒட்டி வழுக்கும் இதே இயக்கத்தில்தான் வயலினின் வில் தந்தியைப் பாடவைக்கிறது. நம் திருச்சிக்காரர் சி.வி. ராமன், ஒளிச்சிதறலுக்கு வருவதற்கு முன், 1918இல் வில்லால் மீட்டப்படும் தந்திகளின் அதிர்வைப் பற்றித் தனி நூலே எழுதினார். என் டேஷ்போர்டு 14 மாதங்கள் செய்ததும் அதைத்தான். சாதகம் போதவில்லை.

பிரித்துப் பார்த்தது பிற்பகல். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் டீ குடிக்கப் போய்விட்டார் அண்ணாச்சி. சோம்பல் இல்லை, ஏர்பேக்கின் மின்தேக்கியில் மிச்சமிருப்பது வடியவேண்டும். 2021 முதல் முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம் ஆகியிருக்கிறது. அது ஒளிந்திருக்கும் பகுதியையும், மஞ்சள் நிறத்தில் இருக்கும் அதன் இணைப்புகளையும் கைபடாமல் விட்டுவிட வேண்டும். தெரியாதவர்கள் இந்தக் கட்டத்தில் விலகிவிடுவது நல்லது. ரேடியோவின் பின்னால் ஒரு ஒயர் இணைப்பு, அதற்கான பிடியில் மாட்டப்படாமல் தொங்கி, தூலத்தில் மோதிக்கொண்டிருந்தது. டொக்டொக். காற்றுக்குழாயின் மேல் கூலிங் காயில் மாற்றியவர்கள் மறந்துவிட்டுப் போன ஒரு ஸ்க்ரூ. கிலுகிலு. விளிம்புகளில் ஃபெல்ட் டேப் ஒட்டினார், ஒயர்க்கட்டைப் பஞ்சில் சுற்றினார், காணாமற்போன கிளிப்புகளை வாங்கிப் போட்டார். எண்ணெய் கொஞ்சம் விடலாமே என்று நான் கேட்டதற்குத் திட்டு விழுந்தது. எண்ணெய் ஒரு வாரம் வாயை மூடும், ரப்பரை ஊதவைக்கும், சில பிளாஸ்டிக்குகளைக் கீறவைக்கும், தூசியை அழைத்து உட்காரவைக்கும்.

2022இல் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு ஓர் இணையவாசலைத் தொடங்கியபோது, அதில் வாகனங்களையும் ஒரு துறையாகச் சேர்த்தார்கள். நல்ல காரியம். கையேடும் உதிரிப் பாகமும் எல்லோருக்கும் கிடைக்கவேண்டியவைதான். ஆனால் என் வண்டியில் மாற்றிய பாகங்களின் மொத்த மதிப்பு 340 ரூபாய். மற்றதெல்லாம் தேடல். பாகத்துக்கு விலை இருக்கிறது, கழற்றிப் பூட்டுவதற்கு மணிக்கணக்கில் கூலி இருக்கிறது, கேட்பதற்கும் தொட்டுப் பார்ப்பதற்கும் பில்லில் வரியே கிடையாது. அதனால்தான் பணிமனை 48,000 ரூபாய்ப் பலகையை மாற்றச் சொல்கிறது. தேடினால் அதற்கு நட்டம். மின்சாரக் கார்கள் பெருகப் பெருக இது இன்னும் கூடும். எஞ்சினின் உறுமல் மூடி மறைத்துக்கொண்டிருந்த கிறீச்சுகளெல்லாம் இனிமேல் அம்பலத்துக்கு வரும். ஜாப் கார்டில் வாடிக்கையாளன் சொன்ன சொல்லை அப்படியே எழுத ஒரு கட்டமும், பில்லில் 'தேடியதற்கு' என்று ஒரு வரியும் வேண்டும் என்று நான் சொன்னால் நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரித்துக்கொள்ளட்டும்.

அண்ணாச்சியிடம் எவ்வளவு என்று கேட்டேன். கிளிப், டேப், பஞ்சு என்று விரல்விட்டு எண்ணி, கையாளின் கூலியையும் சேர்த்து, 700 என்றார். ஒன்றரை நாள் தேடியதற்கு என்று கேட்டேன். "தேடினதுக்கு எவன் துட்டு குடுப்பான்?" என்றார். நான் 2,000 ரூபாயை வைத்ததும் பேச்சு முற்றி, கடைசியில் அதை வாங்கிக்கொண்டார். ஆனால் ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் காதைச் சோதித்துப் பார்க்கலாம், பையன்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றபோது பிடி கொடுக்கவில்லை. வேலை கிடக்கிறது என்றார். பையன்களையாவது அனுப்புங்கள் என்றேன். வருகிற புதன்கிழமை என் வண்டியிலேயே அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

"சரி, நானும் வாரேன்" என்றார் கிளம்பும்போது. "வண்டியில வேற சத்தம் வந்தா பாப்பா சொல்லட்டும். அவளையும் கூட்டிட்டு வாங்க."